வந்தவர்கள் கட்டிய தலைநகரம்



பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு வாழையிலைச் சாப்பாடும் மல்லிகைச் சரமும் தீபாவளி நெரிசலும்தாம் நினைவுக்கு வரும். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. செங்கல் அறுத்துச் சூளையிட்ட நிலம் என்பதே அதன் பொருள். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் அடுத்தடுத்துத் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையாயிற்று. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்த கடைவீதிகள் அழிந்தன. அதன்பின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி நகரக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலுமே எழும்ப வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் செங்கல்லுக்குச் சூளை வைத்தவர் சீனர் தலைவர் யாப் ஆ லோய். சீனத்தின் குவாங்டோங்கிலிருந்து பதின்ம வயதில் கப்பலேறி வந்த ஏழைச் சிறுவர் அவர்.

ஆறாம் ஆண்டு வகுப்பில் இதனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “அப்படின்னா கேஎல்லுல முதல்ல இருந்தது யாரு டீச்சர்?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் பூர்வகுடியினர் இருந்தனர். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் மலாய்த் தலைவர்களின் ஆட்சி இருந்தது. சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் வணிகர்களும் இருந்தனர். ஆனால் கோலாலம்பூர் என்னும் பட்டணம் தானாக முளைத்ததன்று. 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளரை ஆற்று வழியே மேலே அனுப்பினார். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் இறங்கிக் காட்டு வழியே நடந்து அம்பாங் பகுதியில் அவர்கள் ஈயம் தேடினர். ஒரு மாதத்திற்குள் எஞ்சியோர் 18 பேரே. மற்றையோரை மலேரியா கொண்டுபோயிற்று. இறந்தவர்களுக்கு ஈடாக மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். இறப்பு மிகுந்து பிறப்பு குறைந்த அக்காலப் பட்டணத்தின் மக்கள்தொகை, படகிலும் கப்பலிலும் வந்து இறங்கியவர்களாலேயே பெருகியது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது கோலாலம்பூரில் ஐவரில் நால்வர் சீனராக இருந்தனர்.

நம்மவர்கள் வந்தது இரண்டு வழிகளில். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்ற பழக்கம் நம்மிடையே உண்டு.

முதல் வழி தண்டவாளம். 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் பெயர் மாற்றம் பெற்ற இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே. இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் தெரிந்த எழுத்தர்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் பயின்றவர்களை அரசு அழைத்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன. அங்குள்ள கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் அக்கால நினைவுச் சின்னங்கள். ‘நூறு வீடு’ என்று நாம் அழைத்த இரயில்வே குடியிருப்பு வரிசை 2010களில் இடிக்கப்பட்டது. அதன் திண்ணைகளில் அமர்ந்து கதை பேசிய தலைமுறையில் இன்னும் சிலர் நம்மோடு இருக்கின்றனர்.

இரண்டாவது வழி பால்மரம். என் பாட்டனார் வந்த வழி அதுதான். முசிறிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து, ஊருக்கு வந்த கங்காணியின் சொல்லை நம்பி, 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். கங்காணி என்பவர் வெளியாளல்லர். அதே தோட்டத்தில் வேலை செய்த அதே ஊர்க்காரர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தோட்ட நிருவாகம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. பயணச் செலவுக்கோ 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடிநுழைவு நிதி ஒன்று இருந்தது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் யாவரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஆகவே என் பாட்டனார் கடன்படாமல் கரை இறங்கினார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலாளிகள் இவ்வளவு செலவு செய்தது இரக்கத்தாலன்று. ஆட்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தால்தான் கூலி ஏறாது. விலை வீழ்ந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை சரிந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தாயகத்திற்கே கப்பலேற்றப்பட்டனர். விலை மீண்டதும் மறுபடியும் அழைத்துக்கொண்டனர். நகரத்துக்கும் தோட்டத்துக்கும் மனிதன் குழாயில் வரும் தண்ணீர் போல இருந்தான். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். அந்தக் குழாயை 1938இல் இந்திய அரசு மூடியது. நிதியுதவியோடு தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டது.

அதன் விளைவு என்னவென்று நினைக்கிறீர்கள்? புதிய ஆட்கள் வரத்து நின்றபின், இருந்தவர்களுக்குக் குரல் பிறந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தம் அப்படி எழுந்ததே. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது தலையாய கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், துரைமார் எதிரிலும் கிராணிமார் எதிரிலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பனவும் அப்பட்டியலில் இருந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மடிந்தனர். கூலியையும் சைக்கிளையும் ஒரே தாளில் எழுதிய அந்த மனிதர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கின்றது. என் பாட்டி சைக்கிளைப் பற்றி மட்டுமே சொல்வார். “தொர வந்தா எறங்கி நிக்கணும், மழ பேஞ்சாலும் எறங்கணும்.”

தமிழ்ப்பள்ளிகளும் இந்தக் குடியேற்றத்தின் பிள்ளைகளே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆலயத்தின் ஓரத்திலும் பிள்ளைக் கொட்டகையிலும் நடந்த பள்ளிகள் அவை. கங்காணியே ஆசிரியராக இருந்த இடங்களும் உண்டு! நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று நாம் பெருமையோடு கூறுகிறோம். தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்ற கணக்கில் சிதறிக் கிடந்தவற்றின் எண்ணிக்கை அது.

பிறகு நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் இன்றைய நிலைக்கு வேர் அங்கேதான் உள்ளது.

நீங்கள் இன்று பெட்டாலிங் ஜெயாவில் வீடு வாங்கியிருந்தால் எஃபிங்காம் தோட்டத்து மண்ணில் குடியிருக்கலாம். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலாம் சுங்கை ரெங்கம் தோட்டம். பங்சார் என்னும் பெயரே புங்கே, கிரிசார் ஆகிய இருவரின் பெயர்கள் ஒட்டிய இரப்பர் தோட்டத்தின் பெயரிலிருந்து திரிந்ததாம். நாட்டின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கில் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நகரம் வளர்ந்தது என்கிறோம். அது வளர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்தது என்பதை எந்த விளம்பரப் பலகையும் சொல்வதில்லை.

தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களிலும் 60களிலும் ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோதே இக்கொடுமை தொடங்கிவிட்டது. அதனைத் தடுக்கத் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர்களையே தோட்டங்களுக்கு உரிமையாளராக்க முயன்றார். பெரும் முயற்சிதான். ஆனாலும் நகரத்தை ஒட்டிய நிலத்தின் விலை பால்மரம் தரும் வருமானத்தை எப்போதோ முந்திவிட்டிருந்தது. 1970இல் இந்நாட்டு மக்களில் 28.4 விழுக்காட்டினரே நகரவாசிகள், 2020இல் 75.1 விழுக்காட்டினர். அந்தப் பெருக்கத்தில் விரும்பி வந்தவரும் உண்டு, வீடிழந்து வந்தவரும் உண்டு.

என் தந்தையார் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1980களில் தோட்டம் கைமாறியபோது துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சென்றார். குடும்பம் புறம்போக்குக் குடிசைப் பகுதியொன்றில் சில ஆண்டுகள் இருந்தது. மின்சாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் பெற்றது, தண்ணீர் பொதுக்குழாயில். அங்குதான் நான் முதன்முதலில் இந்தோனேசியக் குடும்பங்களை அண்டை வீட்டாராகக் கண்டேன். அவர்களும் அப்போதுதான் வந்திருந்தனர்.

இது தற்செயலன்று. 1970களில் சுங்கை வேயிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது தோட்டத்து இளைஞர்கள் அவற்றை நாடினர். வெயிலிலும் பாம்பிலும் அட்டையிலும் பெற்றோர் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம். தோட்டங்கள் ஆள் பற்றாக்குறை என்றன. 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் உடன்பாடு செய்துகொண்டன. தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் ஆட்கள் முறையாக வரத் தொடங்கினர்; முறையின்றி வந்தோர் அதற்கு முன்பே வந்திருந்தனர். குத்தகையாளர் மூலம் வேலை நடந்ததால் தோட்ட நிருவாகத்துக்குப் பொறுப்பும் குறைந்தது. ஆகவே, ‘அவர்கள் வந்து நம் வேலையைப் பறித்தனர்’ என்பதும் முழு உண்மையன்று. ‘நம்மவர்கள் வேலையை விட்டுச் சென்றனர், அதனால் அவர்கள் வந்தனர்’ என்பதும் முழு உண்மையன்று. கூலி ஏறியிருந்தால் நம்மில் பலர் இருந்திருப்பர். கூலி ஏறாமற்போனதற்குக் காரணம், ஏறாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி மீண்டும் கிடைத்ததுதான். 1938இல் மூடப்பட்ட குழாயின் இடத்தில் வேறொரு குழாய் திறக்கப்பட்டது. இம்முறை தண்ணீர் வேறு கடலிலிருந்து வந்தது.

நெருக்கடியான குடிசைப் பகுதிகளில் இரு ஏழை மக்களும் தோளோடு தோள் உரசி வாழ்ந்ததன் கசப்பு 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் இரத்தமாக வழிந்தது. அறுவர் உயிரிழந்தனர். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

இன்றைய கோலாலம்பூரைப் பாருங்கள். வானளாவும் கட்டடங்களின் சாரத்தில் நிற்பவர் வங்காளதேசத்தவர். அடுக்குமாடியின் வாயிலில் காவலாளியாக நிற்பவர் நேப்பாளத்தவர். செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் காய்கறிக் கூடை தூக்குவோரில் மியன்மாரிலிருந்து வந்தோரும் ரொஹிங்யா அகதிகளும் மிகுதி. நம்முடைய உணவகங்களில் ரொட்டி வீசுபவர் பெரும்பாலும் தமிழ்நாட்டவர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 3 கோடியே 24 இலட்சம் மக்களில் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் குடிமக்கள் அல்லாதார். கோலாலம்பூரில் 19 இலட்சத்து 80 ஆயிரம் பேர், சிலாங்கூரில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் என்பதும் அக்கணக்கே. ஆவணமின்றி ஒளிந்து வாழ்வோர் அனைவரும் கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறந்திருப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவர்களால் நன்மையா தீமையா என்று விவாதிப்போர்க்கு 2015இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வொன்று உதவும். திறன் குறைந்த வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை 10 விழுக்காடு கூடினால் நாட்டின் உற்பத்தி 1.1 விழுக்காடு வரை கூடலாம் என்கிறது அது. உள்ளூராரின் சராசரி ஊதியமும் சிறிது உயரும். ஆனால் ஆரம்பக் கல்வியோடு நின்றுபோன உள்ளூர்த் தொழிலாளரின் ஊதியம் 0.74 விழுக்காடு குறையும். மிகப்பெரிய அடி யாருக்கென்றால், ஏற்கெனவே இங்கு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கே. ஏறத்தாழ 4 விழுக்காடு! நகரம் கொழுக்கும்போது அதன் செலவை ஏற்பவர்கள் அடிமட்டத்தார். அவர்களுள் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அடக்கம். 0.74 என்பது சிறிய எண்தான். மாதம் முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வீட்டில் அது அத்துணைச் சிறியதன்று.

அடிமட்ட ஊதியத்தைக் காக்க வேறு வழி உண்டு என்பதை நாடு மெதுவாகக் கற்றுக்கொண்டது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் வந்தது, 2022இல் 1,500, 2025இல் 1,700. குறைந்தபட்ச ஊதியத்தில் உள்ளூரார், வெளிநாட்டார் என்ற வேறுபாடு இல்லை என்பதே அதன் வலிமை. வெளிநாட்டவரை மலிவாக வைத்துக்கொள்ளும் வரையில் நம்மவருக்கும் விலை ஏறாது. 1941இல் கிள்ளான் தொழிலாளர் ‘நிகரான கூலி’ கேட்டதில் இந்தக் கணக்கு இருந்தது.

இவர்கள் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதையும் கண்டுவிட்டோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. செலாயாங் சந்தையைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. கிள்ளான் மேரு பகுதியில் கையுறைத் தொழிலாளரின் விடுதிகளில் நோய் ஆயிரக்கணக்கில் பரவியபோதுதான், ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று நாடு எட்டிப் பார்த்தது. புதிய ஆட்களை எடுப்பது நிறுத்தப்பட்டதும் செம்பனைக் குலைகள் மரத்திலேயே அழுகின. நம்மவர் நடத்தும் முடிதிருத்தகங்கள், துணிக்கடைகள், பொற்கொல்லர் பட்டறைகள் ஆகியவற்றுக்கோ 2009 முதலே வெளிநாட்டார் அனுமதி முடக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் தந்தையின் தொழிலை ஏற்காததால் பல கடைகள் மூடப்பட்டன. 2023இல் இம்மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டபோது பிரிக்பீல்ட்ஸில் இனிப்பு வழங்காத குறைதான்! வெளிநாட்டுத் தொழிலாளரைப் பற்றி மேடையில் முழங்குவோர் சிலர் தம் கடைக்கு ஆள் கேட்டு விண்ணப்பித்ததும் உண்டு என்று ஒரு முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேலே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு சொன்னேன். என் பாட்டனாரின் கப்பல் செலவை முதலாளிகளின் வரி ஏற்றது. நூறு ஆண்டுகள் கழித்து வங்காளதேசத்திலிருந்து வருபவன் தன் நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, முகவர்களுக்குக் கொட்டிக் கொடுத்து வருகின்றான். 2024 மே 31ஆம் நாளுக்குள் நுழைய வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டபோது, பணம் கட்டியும் விமானத்தில் இடம் கிடைக்காமல் டாக்காவில் ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். வந்து சேர்ந்தும் சொன்ன வேலை இல்லாமல் மாதக்கணக்கில் அறைகளில் அடைந்து கிடந்தோரும் உண்டு. கங்காணி முறையைக் கொடுமை என்று வகுப்பில் கற்பிக்கின்றேன்; கொடுமைதான். ஆனால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொரு வேறுபாடு இதனினும் பெரிது. கங்காணி குடும்பத்தோடு ஆள் கூட்டினார். பெண்களும் வந்தனர், பிள்ளைகள் பிறந்தனர், கோயிலும் பள்ளியும் எழுந்தன. அதனால்தான் இன்று நாம் இருக்கின்றோம். இன்றைய தற்காலிக வேலை அனுமதியில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர இயலாது. இங்கே திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் கருவுற்றிருப்பது தெரிந்தால் அப்பெண்ணின் அனுமதி போய்விடும். நகரம் கைகளை மட்டும் கேட்கின்றது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதற்கு நேர்மாறான பாடம். 1970க்கும் 1980க்கும் இடையில் அது 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை இழந்தது. வசதியுள்ளோர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர், தொழிற்சாலைகள் மூடப்பட்டன, நகர நிருவாகம் கடனில் மூழ்கியது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ முதன்முறையாக 80 இலட்சத்தைத் தாண்டியது. அந்த வெற்றிடத்தை நிரப்பியோர் 1965ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்திற்குப் பின் கரிபியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்கள் ஆளற்ற தெருக்களில் கடை வைத்தனர், பாழடைந்த வீடுகளை வாங்கினர், அவர்களின் பிள்ளைகள் பள்ளிகளை நிரப்பினர். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன் என்பது 1868 முதல் அவர்களின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. அதனை மாற்ற 2025இல் எடுக்கப்பட்ட முயற்சி நீதிமன்றப் படியேறியது. நம் நாட்டிலும் விடுதலை நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறந்தவர் யாவரும் குடிமக்கள் என்ற விதி ஐந்தாண்டுகள் இருந்தது. 1962இல் அது மாற்றப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று.

நம் பள்ளிகளோ வெறிச்சோடி வருகின்றன. 2000களின் பிற்பகுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இன்று 80,000க்கும் கீழே வந்துவிட்டது. 1957இல் நாட்டு மக்களில் 11 விழுக்காடாக இருந்த இந்தியர், 2020இல் குடிமக்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர், ஓரிருவரோடு நிறுத்திக்கொள்கின்றோம். அந்த ஓரிருவரையும் வேறு பள்ளிக்கு அனுப்புவோர் அனுப்புகின்றனர். அதனைப் பற்றி முன்பே நிறைய எழுதியாயிற்று. இங்கே நான் சொல்ல வருவது, கதவருகே வந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றி.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கின்றாள். பெயர் வேண்டாம். தந்தை கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழர், சரக்குந்து ஓட்டுநர். தாய் இந்தோனேசியாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இருவரும் விரும்பிக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டனர். வேலை அனுமதியின் விதியால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. பதிவுத் திருமணம் இல்லையெனில் பிள்ளை தாயின் குடியுரிமையையே பின்பற்றும் என்பது சட்டம். ஆகவே இந்நாட்டு மருத்துவமனையில் இந்நாட்டுத் தமிழருக்குப் பிறந்த அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கின்றது. பள்ளியில் சேர்வதற்கே தந்தை எத்தனையோ முறை அலைந்தார். தோழியர் 12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இவள் போக முடியாது. இடைநிலைப்பள்ளி, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வேலை என்று ஒவ்வொரு கதவிலும் அந்த வரி குறுக்கே நிற்கும்.

தமிழில் அவள் வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தி. வல்லினம் மிகும் இடங்களில் இவளிடம் பிழை காண்பது அரிது. தாயும் மகளிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கின்றார். பெற்றோர் கூட்டத்தன்று என்னிடம், “டீச்சர், எங்க புள்ள நல்லா படிக்குதா?” என்று கேட்டார். கிள்ளான் சந்தைத் தமிழ் அப்படியே இருந்தது.

ஆசிரியர் அறையில் ஒருவர், “இப்படி ஒவ்வொருத்தரையா சேத்தா நாளைக்கு நம்ம ஸ்கூல் நம்ம ஸ்கூலாவா இருக்கும்?” என்றார். நான் அவரிடம் அவருடைய பாட்டனார் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டேன். சேலம் பக்கம், 1936 என்றார். எத்தனையாம் ஆண்டு குடியுரிமை கிடைத்தது என்றேன். தெரியவில்லை என்றார். அவருடைய பாட்டி சிவப்பு அடையாள அட்டையோடே இறந்தார் என்பது பின்னர் அவர் வாயாலேயே வந்தது. மேற்கொண்டு இருவரும் பேசவில்லை, மணி அடித்துவிட்டது.

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அதனால் வழி பிறந்தது, மகிழ்ச்சி. உள்நாட்டில் பிறந்த இந்தப் பிள்ளைக்கோ பழைய வழிதான். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ், குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட யாரையும் சிறப்புச் சூழலில் குடிமகனாகப் பதிந்துகொள்ள அரசுக்கு அதிகாரம் உண்டு. அவளுடைய தந்தை விண்ணப்பம் கொடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பதில் இல்லை. பள்ளியிலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதமும் இருந்தால் நன்று என்று யாரோ சொல்லியிருக்கின்றனர். நேற்று மாலை அதனை மலாயில் எழுதி முடித்தேன்: வருகை 98 விழுக்காடு, செந்தமிழ் விழாவில் பேச்சுப் போட்டியில் மாவட்ட நிலை வரை சென்றாள், மலாய்மொழி நன்று, கணிதம் இன்னும் சிறிது பயிற்சி வேண்டும். தலைமையாசிரியர் கையொப்பமிட்டதும் திங்களன்று அவளிடமே கொடுத்தனுப்ப வேண்டும்.